பழைய கோயில் படங்களைக் கத்தரிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய ஊர்ப் படங்களைத் தேடியெடுத்துப் பகிர்கிற நண்பர்களுக்கும், அவற்றைப் புத்தக அட்டையில் போடுகிற பதிப்பாளர்களுக்கும், பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டுகிற கண்காட்சிக்காரர்களுக்கும்,

வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்கிற வேலை மேல் எனக்கு மரியாதை உண்டு. லண்டனிலும் வாஷிங்டனிலும் பெட்டிக்குள் கிடந்த படங்களை மதுரைக்காரர் கைபேசி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்ததில் உங்களைப் போன்ற ஆர்வலர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் கொண்டுவருகிற வழியில் அந்தப் படங்களுக்கு நடக்கிற காரியங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கைபேசித் திரைக்குப் பொருந்தவேண்டும் என்று இரண்டு பக்கத்தையும் வெட்டுகிறீர்கள். வானம் வெறுமனே வெளுத்துக் கிடக்கிறது என்று மேலே கழிக்கிறீர்கள், தரை சும்மா கிடக்கிறது என்று கீழே கழிக்கிறீர்கள். அப்புறம் கணினியிடம் கொடுத்து வண்ணம் ஏற்றி, கல்லுக்கு ஒரு சந்தன நிறமும் வானத்துக்கு ஒரு நீலமும் பூசி, பக்கத்தின் பெயரைப் படத்தின் நட்ட நடுவில் முத்திரையாகக் குத்தி, கீழே 'நூறு வருடத்துக்கு முந்தைய மதுரை' என்று ஒரு வரி போட்டுவிடுகிறீர்கள். நூறு இல்லை சாமி, நூற்று அறுபதுக்கும் மேல்.

ஒரு கண்காட்சியில் பார்த்தேன் (எங்கே என்று கேட்காதீர்கள்), அகலவாக்கில் எடுத்த ஒரு மண்டபப் படத்தைச் சதுரமாக வெட்டி, சட்டம் போட்டு, விளக்கு வைத்து மாட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, எல்லாச் சட்டமும் ஒரே அளவில் வாங்கிவிட்டோம் என்றார்கள். சட்டம் வாங்கியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் படத்தை எடுத்த ஆள் அதன் நாலு ஓரத்தையும் எவ்வளவு யோசித்து வைத்தான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நீங்கள் அதிகம் பகிர்கிற மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டைப் படங்களில் ஒரு பெரும் பங்கு ஒரே ஆள் எடுத்தவை. லின்னியஸ் டிரைப். 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்தவர். விடுப்பில் ஊருக்குப் போனபோது கேமரா பழகி, 1854இல் பெங்களூர் திரும்பி, அந்த வருடக் கடைசியிலேயே ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் மதராஸ் கண்காட்சியில் அந்தப் படங்களுக்குப் பதக்கம் கிடைத்தது. அதே வருடம் கவர்னர் ஜெனரல் பர்மாவுக்கு அனுப்பிய தூதுக்குழுவோடு போய் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் எடுத்துவந்தார். 1856இல் மதராஸ் அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஆனார். 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி அடுத்த சில மாதங்களில் அவர் எடுத்துக் குவித்ததுதான் இன்று உங்கள் பக்கங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. வடக்கே கலகம் நடந்துகொண்டிருந்த அதே மாதங்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

கம்பெனி எதற்காக ஒரு படை அதிகாரிக்குச் சம்பளம் கொடுத்துக் கோயிலைப் படமெடுக்கச் சொன்னது? நல்ல மனது காரணமில்லை. ஓவியர்களை வைத்துச் சிற்பங்களை வரையவைப்பது காலமும் காசும் பிடிக்கிற வேலை, அதற்குப் பதில் கேமராவைப் பயன்படுத்துங்கள் என்று 1855இல் லண்டன் இயக்குநர்கள் எழுதியிருந்தார்கள். ஆக, இவை பதிவேட்டுக்காக எடுத்த படங்கள். பதிவேட்டுக்கு என்று எடுத்ததில் அழகு எங்கே வந்தது, அமைப்பு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அதற்கு அந்தக் கேமரா எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் பார்க்கவேண்டும்.

டிரைப் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகுத்தாள் நெகட்டிவ். 1851 வாக்கில் பிரான்சில் குஸ்தாவ் ல கிரே பரப்பிய முறை அது. நல்ல தாளை மெழுகில் தோய்த்து, ரசாயனம் ஏற்றி, உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். சில நாள் கழித்துக்கூடக் கேமராவில் மாட்டி எடுக்கலாம், எடுத்ததை அன்றைக்கே கழுவவேண்டிய அவசரமும் இல்லை. ஈரம் காய்வதற்குள் எல்லாம் முடியவேண்டும் என்கிற கண்ணாடித் தகடு முறையை நம்மூர் வெயிலில் வண்டி மேல் வைத்துக்கொண்டு அலைவதை நினைத்துப்பாருங்கள், ஏன் தாளைத் தேர்ந்தெடுத்தார் என்று புரியும். விலை என்னவென்றால் நேரம். ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்கவேண்டும். இன்னொன்று, அன்றைக்கு நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுகிற வழக்கம் கிடையாது. நெகட்டிவைப் பிரிண்ட் தாள் மேல் அழுத்தி வைத்து வெயிலில் காட்டவேண்டும். எனவே பிரிண்ட் எவ்வளவு பெரியதோ நெகட்டிவும் அவ்வளவு பெரியது, கேமரா அதைவிடப் பெரிய பெட்டி. மதுரைப் படங்கள் ஏறக்குறைய 10க்கு 14 அங்குலம். அதை முக்காலியில் ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பின்பக்கக் கண்ணாடியில் பிம்பத்தைப் பார்க்கவேண்டும். பிம்பம் தலைகீழாகத் தெரியும்.

இந்தத் தலைகீழ் விஷயம் சாதாரணமானதில்லை. கோபுரம் தலைகீழாக நிற்கும்போது அது கோபுரமாகக் கண்ணுக்குப் படாது, கறுப்பாக ஒரு முக்கோணம், பக்கத்தில் வெளுப்பாக ஒரு பட்டை என்றுதான் தெரியும். பெரிய பெட்டிக் கேமராவில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்தக் கண்ணாடியில் முதலில் கண்ணுக்குப் படுவது இருட்டும் வெளிச்சமும் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்பதுதான், பொருள் பிறகுதான். டிரைப்பின் படங்களில் நிழல் இவ்வளவு கனமாக, ஒரு கட்டடம் போல உட்கார்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். நீங்கள் 'ஷேடோ' பட்டனை இழுத்து அந்த இருட்டை வெளுப்பாக்கும்போது படத்தின் ஒரு பக்கத்துச் சுவரை இடித்துவிடுகிறீர்கள்.

சரி, அவர் எங்கே நின்றார் என்று பார்ப்போம். அதே பத்தாண்டில் பிரான்சில் அரசே ஐந்து பேரை நியமித்து நாடு முழுக்கப் பழைய கட்டடங்களைப் படமெடுக்க அனுப்பியது. 1851இல். ல கிரே, மெஸ்த்ரால், பயார், ல செக், பால்துஸ் என்று ஐவர். இதில் எதுவார் பால்துஸ் என்பவர் கட்டடத்தின் முகத்துக்கு நேராக நிற்கிறவர். கதவு நடுவில், இரண்டு பக்கமும் சமம், சுற்றியிருப்பதெல்லாம் விலகி நிற்கவேண்டும். ஒரு நெகட்டிவில் அடங்காவிட்டால் பலவற்றை வெட்டி ஒட்டுவார். ஆர்ல் ஊரில் ஒரு துறவிமட முற்றத்தை அப்படித்தான் பல துண்டுகளாக எடுத்து, இடைவெளியைக் கையால் வரைந்து சேர்த்தார். பார்த்தால் ஒரே படம் போலத் தெரியும், ஆனால் எந்த மனிதக் கண்ணும் எந்த இடத்தில் நின்றும் அப்படிப் பார்த்திருக்க முடியாது. (அவர்களிடம் நெகட்டிவ்களை வாங்கி வைத்துக்கொண்ட அரசு அவற்றை வெளியிடவே இல்லை என்பது தனி சோகம். அரசு அலுவலகம் எந்த ஊரிலும் அரசு அலுவலகம்தான்.)

டிரைப் பெரும்பாலும் மூலையில் நிற்கிறவர். தஞ்சைப் பெரிய கோயிலை வடகிழக்கு மூலையிலிருந்து எடுக்கிறார், இரண்டு பக்கச் சுவர்களும் ஒரே சமயத்தில் தெரியும்படி. மூலையிலிருந்து பார்த்தால் நீளமும் தெரியும், ஆழமும் தெரியும், ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு உள்வாங்குகிறது என்பதும் தெரியும். ஒரு கட்டடக் கலைஞர் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய வரைபடமே போட்டுவிடலாம். ஆனால் அதற்கு இரண்டு சுவர்களும் முடிகிற இடம் படத்துக்குள் இருக்கவேண்டும். இடது ஓரத்தில் 'ஒன்றுமில்லாத' சுவர் நீண்டு கிடக்கிறதே என்று நீங்கள் வெட்டுகிறபோது நீளம் போய்விடுகிறது, மிஞ்சுவது ஒரு மூலை மட்டும்.

அப்புறம் உயரம். 216 அடி விமானத்தைக் கேமராவை அண்ணாந்து வைத்து எடுத்தால் மேலே போகப்போக ஒடுங்கி, பின்பக்கம் சாய்கிற மாதிரி விழும். நம் கைபேசிப் படங்களில் எல்லாக் கோபுரமும் அப்படித்தானே சாய்கிறது. கேமராவைத் தரைக்கு மட்டமாக வைத்தால்தான் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே நிற்கும். மட்டமாக வைத்தால் தொடுவானம் படத்தின் நடுவுக்கு வந்து, கீழ்ப்பாதி முழுக்கத் தரையாகிவிடும். இதைச் சரிக்கட்ட லென்ஸ் பலகையைக் கொஞ்சம் மேலே நகர்த்தலாம், தூரமாகப் போகலாம், இல்லை எதிரே ஏதாவது கூரை மேல் ஏறலாம். 19ஆம் நூற்றாண்டுக் கட்டடப் படங்களில் முன்னால் அவ்வளவு வெற்றுத்தரை கிடப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான், சுவர் நேராக நிற்பதற்குக் கொடுத்த விலை அந்தத் தரை. டிரைப் அந்தத் தரையையும் சும்மா விடுவதில்லை. வைகையைத் தரைப்பாலத்தோடு எடுத்த படத்தை முழுசாகப் பாருங்கள். ஆறும், அதைக் கடந்துபோகிற பாலமும், தூரத்தில் ஊரும். அந்தப் படத்தின் பேச்சே தூரம்தான். யானைமலையை அவர் முனைப்பக்கத்திலிருந்து எடுத்த படமும் அப்படித்தான். மதுரைக்காரர்கள் யாருக்கும் யானைமலை என்றால் படுத்திருக்கிற யானையின் பக்கவாட்டுதான் கண்ணில் நிற்கும். இவர் முனையில் போய் நின்றதால் யானையே இல்லை, தரையிலிருந்து கிளம்பிய ஒரே ஒரு கல். அதைப் போய் ஒருவர் மலை மட்டும் தெரியும்படி நெருக்கி வெட்டி, 'யானைமலை, எவ்வளவு பெரியது பாருங்கள்' என்று போட்டிருந்தார். பெரியது என்று எதை வைத்துத் தெரியும், பக்கத்தில் எதையும் விட்டுவைக்காவிட்டால்?

எனக்கு மிகவும் பிடித்தது மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே இருக்கிற புதுமண்டபத்தின் படங்கள். தெற்குத் தாழ்வாரத்தை மேற்கு முகப்பிலிருந்து எடுத்தது என்று அவரே ஒரு படத்துக்குத் தலைப்பு வைத்திருக்கிறார். பாருங்கள், தலைப்பிலேயே எங்கே நின்றேன், எந்தப் பக்கம் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறார். மேற்கிலிருந்து கிழக்கே பார்த்தால் தெற்கு வலது கை. அவர் மதுரையில் இருந்தது 1858 ஜனவரி, பிப்ரவரி. அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும், எனவே தெற்குப் பக்கத் தூண்களுக்கு நடுவே வெளிச்சம் சரிந்து உள்ளே விழும். சித்திரையில் போய் நின்றிருந்தால் உச்சி வெயில் கூரையிலேயே தங்கியிருக்கும், தாழ்வாரத்துக்குள் இப்படி வந்திருக்காது. ஒரு தூண் வெளிச்சம், ஒரு தூண் இருட்டு என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு புள்ளியில் முடிகிற அந்த வரிசையில், 124 தூண்கள் கொண்ட மண்டபத்தின் ஒரு பக்கம்தான் தெரிகிறது, ஆனால் மண்டபத்தின் நீளம் முழுக்கப் புரிந்துவிடுகிறது. திருமலை நாயக்கர் அதைக் கட்டியதும் அந்த நீளத்துக்காகத்தானே. இதன் கடைசிப் புள்ளி நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளியிருக்கிறது என்று நடுவுக்குக் கொண்டுவர ஒரு பக்கத்தை வெட்டியிருந்தார் ஒரு பதிப்பாளர். அட்டையில் எழுத்துப் போட வசதியாம்.

இன்னொரு படம், ராயகோபுரத்தில் எடுத்தது. புதுமண்டபத்துக்குக் கிழக்கே, நாயக்கர் தொடங்கி முடியாமலே நின்றுபோன கோபுரம். அதன் வாசலில் நிற்கிற ராட்சத ஒற்றைக்கல் தூண்களின் உயரத்தைக் காட்ட எவனும் முழுசாகத்தான் எடுப்பான். டிரைப் ஒரு படத்தில் நான்கில் ஒரு தூணின் அடிப்பாகத்தை மட்டும் எடுக்கிறார். தலைப்பும் அதையே சொல்கிறது, உள்வாங்கிய முகப்பின் தூண்களும் ஒரு ஒற்றைக்கல்லின் அடியும் என்று. மேலே துண்டித்தது தெரிந்தே செய்தது. அடியின் வேலைப்பாடும் அதன் பருமனும் பக்கத்துத் தூண்களோடு சேர்ந்து படத்தை நிறைத்துவிடுகின்றன, மேலே எவ்வளவு போகும் என்பதைப் பார்க்கிறவன் மனசே கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். பால்துஸாக இருந்தால் நாலு நெகட்டிவை ஒட்டி உச்சி வரைக்கும் காட்டியிருப்பார். இரண்டில் எனக்கு டிரைப்தான் சரி. வெட்டுவது தப்பு என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படித்துவிடாதீர்கள். அவர் வெட்டியது அவர் நின்ற இடத்தில், லென்ஸுக்கு முன்னால். பிரிண்டின் ஓரத்தைக்கூட அட்டையில் ஒட்டுமுன் அவரே சீர்செய்திருக்கலாம், அதுவும் அவர் முடிவு. அதற்கு மேல் இன்னொரு கத்தரி எதற்கு?

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், மறுபக்கமும் சொல்லவேண்டும். இந்தப் படங்களில் ஆட்கள் ஏறக்குறைய இல்லை. தினமும் பூசை நடக்கிற, பூக்கடையும் பிச்சைக்காரர்களும் மாடும் நிறைந்த மதுரை, இவர் படங்களில் யாரோ காலி செய்துவிட்டுப் போன நகரம் போல இருக்கிறது. பாதி காரணம் அந்த நிமிடக்கணக்கு. நடக்கிறவர் படத்தில் பதியமாட்டார், கரைந்துபோவார். மீதிப் பாதி அவர் தேர்வு. பதிவேட்டுக்குக் கல்தான் வேண்டும், கம்பெனிக்கு வேண்டியது ஒரு பழம்பொருள், அதைக் கும்பிடுகிறவர்கள் வேண்டாம். இன்னொன்றும் உண்டு. மீனாட்சி கோயிலில் அவர் படங்கள் வெளிப்பிரகாரம், ஆயிரங்கால் மண்டபத்து வாசல் என்று ஓர் எல்லையோடு நின்றுவிடுகின்றன. மாற்று மதத்தவர் அதற்கு மேல் போகக்கூடாது. கோயிலின் நகைகளைப் படமெடுத்திருக்கிறார், ஆனால் அவற்றைப் போட்டுக்கொள்கிற சாமி இருக்கிற இடத்தை அவர் கேமரா பார்த்ததே இல்லை. எனவே 'அன்றைய மதுரை அமைதியாக இருந்தது' என்று ஏக்கத்தோடு எழுதாதீர்கள். அமைதி கேமராவுடையது. மதுரை அன்றைக்கும் தூங்கியிருக்காது.

வானத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து ரசாயனம் நீல வெளிச்சத்துக்கு மட்டும் அளவுக்கு மீறி வேலை செய்யும். கல்லுக்குச் சரியான நேரம் கொடுத்தால் வானம் வெந்து வெள்ளையாகிவிடும். அது பிடிக்காமல் டிரைப் நெகட்டிவின் பின்பக்கம் தூரிகையால் வண்ணம் தொட்டு மேகங்களை வரைந்தார், சில இடங்களில் மரத்தின் இலைகளையும். நன்றாகத்தான் வரைந்திருக்கிறார், பலருக்கு இன்றும் அது வரைந்தது என்று தெரியாது. ஆக, 'பாருங்கள், அன்றைக்கு மதுரையில் எப்படி மேகம் திரண்டிருக்கிறது, இப்போது மழையே இல்லை' என்று யாரோ எழுதிய பதிவுக்குக் கீழே நூற்றுக்கணக்கானோர் பெருமூச்சு விட்டிருந்தார்களே, அந்த மேகம் தூரிகையில் பிறந்தது. இதைச் சொன்னால் உடனே ஒருவர், அவரே திருத்தினாரே, நாங்கள் கணினியில் திருத்தினால் என்ன என்பார். அவர் நின்ற வானத்தின் கீழ் அவர் நின்றிருந்தார், எதை எதற்காகக் கூட்டினோம் என்பது அவருக்குத் தெரியும், படமும் அவருடையது. உங்கள் மென்பொருள் ராயகோபுரத்தை உலகத்தில் உள்ள பத்தாயிரம் வேறு கட்டடங்களின் சராசரியாகப் 'புதுப்பித்து'த் தருகிறது. தாளின் நார் பிரிண்டில் தெரிவதைத் தூசி என்று நினைத்து வழித்தெடுக்கிறது, அதோடு சிற்பத்தின் விரல்களும் போய்விடுகின்றன. ஒரு யாளிக்கு அது குதிரைமுகம் வைத்துக் கொடுத்ததை நான் பார்த்தேன்.

கத்தரிக்கு இடமே கொடுக்காத படம் ஒன்று டிரைப் செய்திருக்கிறார், அதைப் பற்றி நீங்கள் யாரும் எழுதுவதில்லை என்பது எனக்குத் தீராத வியப்பு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜனின் கல்வெட்டுகள் ஓடுகின்றன அல்லவா, அவன் கொடுத்தது, அவன் அக்கன் கொடுத்தது, அவன் தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று எல்லாவற்றையும் கல்லில் எழுதச் சொன்ன அந்த வரிகள். டிரைப் அவற்றைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்களை வரிசையாக ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே சுருளாக்கினார். 216 அடி உயரக் கோயிலுக்குப் போன ஆள் அதன் அடியில் சில அடி உயரத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு சுற்றி நடந்திருக்கிறார். வானம் இல்லை, கலசம் இல்லை, முன்னால் தரை இல்லை. ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் எழுத்தின் அளவு மாறக்கூடாது, அதற்குச் சுவரிலிருந்து கேமரா ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், சுவருக்கு நேராக நிற்கவேண்டும். சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கும், வெட்டெழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து தெரியும், நேர் வெயில் அடித்தால் சுவர் மொட்டையாகிவிடும். மூலையிலிருந்து பார்க்கிற தன் பழக்கத்தை அந்தச் சுவருக்காக அப்படியே கைவிட்டிருக்கிறார், ஏனென்றால் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, படிக்கத்தான் இருக்கிறது. 1891இல் கல்வெட்டு ஆய்வாளர் ஹூல்ஷ் தஞ்சைக் கல்வெட்டுகளை அச்சில் கொண்டுவரத் தொடங்குவதற்கு முப்பது வருடங்களுக்கும் மேல் முன்பே எடுத்தது இது. அந்த மனிதருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்ததா தெரியாதா என்பதைவிட, படிக்கத் தெரிந்தவர்களுக்காக எடுத்திருக்கிறார் என்பது எனக்குப் போதும். இதிலிருந்து ஒரே ஒரு துண்டைப் பிய்த்து 'தஞ்சைக் கல்வெட்டு' என்று போட்டால் ஒரு சுவர் தெரியும். 19 அடியையும் திரையில் நகர்த்திக்கொண்டே பார்க்கும்படி போட்டால் ஒரு கோயிலைச் சுற்றி வந்தது போல இருக்கும், இன்றைய கைபேசிக்கு இதைவிடப் பொருத்தமான பழைய படம் கிடைக்குமா சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தவருக்கு என்ன நடந்தது என்றால், 1859இல் மதராஸுக்குக் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், கஜானா இருக்கிற நிலைமையில் இந்தப் படமெடுக்கிற வேலை ஆடம்பரம் என்று முடிவு செய்து மூடச் சொல்லிவிட்டார். டிரைப் தன் புகைப்பட நிலையத்தைச் சுருட்டிக்கொண்டார், அப்புறம் சொல்லிக்கொள்கிற மாதிரி படமெடுக்கவும் இல்லை, 1902இல் இறந்துபோனார். அவரோடு பெங்களூரில் வேலை பார்த்த ஐயாசாமி என்ற உதவியாளரின் பெயரையும் இனிமேல் படத்துக்குக் கீழே சேர்த்துப் போட்டால் நல்லது. அந்தக் காலத்தில் பிரிண்ட் போடுவது தனித்தனியாகக் கையால் செய்கிற வேலை, நாம் ரசிக்கிற அந்த இருட்டிலும் வெளிச்சத்திலும் உதவியாளர்களின் கைக்கும் பங்கு உண்டு.

கண்ணாடிப் பிம்பம் மாதிரி இடவலம் மாறிய படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெழுகுத்தாள் நெகட்டிவ் இரண்டு பக்கமும் ஒளி கடத்தும், எந்தப் பக்கத்திலிருந்து ஸ்கேன் செய்தாலும் படம் தெரியும், ஆனால் ஒரு பக்கம்தான் சரி. தப்பான பக்கம் வந்துவிட்டால் தெற்குத் தாழ்வாரம் வடக்காகிவிடும். கல்வெட்டு இருந்தால் எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், தெய்வச் சிற்பம் இருந்தால் எந்தக் கை அபயம் காட்டுகிறது என்று பார்க்கலாம். நடராசர் எந்தக் காலைத் தூக்கியிருக்கிறார் என்று பார்க்கலாமே என்பீர்கள். மதுரையில் மட்டும் அந்தக் கணக்கு உதவாது, வெள்ளியம்பலத்தில் அவரே கால் மாறித்தான் ஆடுகிறார்.

கேட்பது இதுதான். நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம், வாஷிங்டனின் தேசிய கலைக்கூடம் போன்ற இடங்கள் இந்தப் படங்களில் பலவற்றைப் பெரிய அளவில் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. அங்கிருந்து முழுப் படத்தையும் எடுங்கள், தாளின் ஓரம் தெரிந்தாலும் பரவாயில்லை, பல பிரிண்ட்களில் அந்த ஓரத்தில்தான் அவர் கையெழுத்தும் இருக்கிறது. திரைக்குப் பொருந்தவில்லையா, மேலும் கீழும் கறுப்பாக விடுங்கள். ஒரு யாளியை நெருக்கமாகக் காட்டவேண்டுமென்றால் தாராளமாகக் காட்டுங்கள், முழுப் படத்தைப் போட்டுவிட்டு இரண்டாவதாக. யார் எடுத்தது, எந்த வருடம், எங்கே நின்று எந்தத் திசையைப் பார்த்து என்று ஒரு வரி. அவர் தலைப்பையே தமிழில் எழுதினால் பெரும்பாலும் போதும், எல்லாம் அதிலேயே இருக்கிறது. வண்ணம் பூசியே தீரவேண்டுமென்றால் பூசியது என்று எழுதிவிடுங்கள்.

அலெக்சாண்டர் கிரீன்லா என்ற இன்னொரு படை அதிகாரி 1856இல் ஹம்பியை இதே மெழுகுத்தாளில் எடுத்தார். 1980களில் ஜான் கோலிங்ஸ் என்ற ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர் ஒவ்வொரு படத்துக்கும் கிரீன்லா நின்ற அதே இடத்தைத் தேடிப்போய் நின்று மறுபடி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எந்தத் தூண் விழுந்தது, எந்தச் சுவர் புதிது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஓரம் வெட்டாத படம் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது, ஓரத்தில் இருக்கிற கல்லையும் மூலையையும் வைத்துத்தானே நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கமுடியும். மதுரைக்கு அதை யாராவது முழுசாகச் செய்யவேண்டும். புதுமண்டபத்துத் தையற்கடைகளும் பாத்திரக்கடைகளும் புத்தகக்கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன, தூண்களுக்கு நடுவே மறுபடி பார்வை போகிறது. மண்டபத்தைப் பொறுப்பில் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால், தை மாதத்தில் ஒரே ஒரு முற்பகல், மேற்கு முகப்பில் ஒரு முக்காலி வைக்க அனுமதி கொடுங்கள். கேமராவும் ஆட்களும் எங்கள் செலவு.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு கட்டடப் படக்காரன்